வேலூர் வானத்துக்கு எந்த இருவர் விமானம்?

என்ஜினோடு பறக்கவும், என்ஜினை அணைத்துவிட்டுக் காற்றின் போக்கில் மிதக்கவும் ஏற்ற, இருவர் அமரும் இலகு விமானம் ஒன்றை நால்வர் சேர்ந்து வாங்குவதென்று நாங்கள் பேசத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்களில் இருவர் வேலூர், ஒருவர் குடியாத்தம், ஒருவர் ஆம்பூர். எதை வாங்குவது என்பதில் தொடக்கத்தில் நால்வருக்கும் நான்கு கருத்து இருந்தது. இந்தக் கட்டுரை அந்த நான்கையும் ஒப்பிட்டு, எங்கள் ஊரின் வெயிலுக்கும் மண்ணுக்கும் எது பொருந்துகிறது என்று பார்க்கும் முயற்சி. வேறு ஊரில் இதே முடிவை எடுக்க இருப்பவர்களுக்குக் கணக்கு மாறலாம். கேட்க வேண்டிய கேள்விகள் மாறா என்றே நினைக்கிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிட வேண்டும். சித்திரை மாதத்தில் காலை பதினொரு மணிக்கு மேல் பாலாற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், நீரற்ற மணல்வெளிக்கு மேலே பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டபடியே உயர்வதைக் காணலாம். ஒரு பருந்து வட்டத்தை விட்டு விலகி வேகமாகக் கீழே இறங்குகிறது. சற்றுத் தூரம் போய், கோட்டைக்குக் கிழக்கேயுள்ள பாறைக் குன்றுகளின் மேலே மறுபடியும் வட்டமிட்டு ஏறுகிறது. மணலும் கருங்கல் பாறையும் அக்கம்பக்கத்து வயலைவிட விரைவாகச் சூடேறுவதால் அவற்றின் மேலுள்ள காற்று தூண்போல எழுகிறது. பறப்பவர்கள் தெர்மல் என்று சொல்வது இதைத்தான். வேலூர் வட்டாரத்தில் கோடையில் இது ஏராளம். ஆனால் தூண்போல மேலே எழும் காற்றுக்கு ஈடாக, அதைச் சுற்றிலும் காற்று கீழே இறங்கவும் செய்யும். பருந்து விலகியதும் வேகமாக இறங்கியதற்கு அதுவே காரணம். விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எழும் காற்றை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு இறங்கும் காற்றை மறந்துவிடுகிறவர்களே அதிகம்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் கர்நாடக எல்லைக்கு அப்பால் ஒரு பயிற்சிக் களத்தில், துணி போர்த்திய இறக்கையும் டூ ஸ்ட்ரோக் என்ஜினும் கொண்ட இலகு விமானத்தில் பயிற்றுநரோடு பறந்துகொண்டிருந்தபோது, ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில் என்ஜின் நின்றுவிட்டது. கார்ப்பரேட்டர் ஜெட்டில் கடுகளவு தூசி அடைத்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. அத்தகைய விமானம் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு அல்லது ஒன்பது மீட்டர் முன்னே போகும். அதாவது எங்களுக்கு இரண்டு கிலோமீட்டர் இருந்தது. காற்றுக்கு எதிர்முகமாகத் திரும்பியதில் அதிலும் பாதி கரைந்தது. பயிற்றுநர் அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லை ஒன்றைப் பார்த்து இறக்கினார். இருவருக்கும் அடியில்லை. கொல்லைக்காரர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சிறிது நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்த நிலப்பரப்பு எவ்வளவு சிறியது என்பதுதான் அன்று முதல் என் மனத்தில் நிற்கிறது. அதே உயரத்தில், ஒன்றுக்கு 27 என்ற விகிதத்தில் சறுக்கும் விமானம் இருந்திருந்தால் அமைதியான காற்றில் ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல் கையில் இருந்திருக்கும்.

ஆகவே சறுக்கு விகிதத்தை மிதக்கும் இன்பத்துக்கான எண்ணாக மட்டும் நான் பார்ப்பதில்லை. அதுவே பாதுகாப்புக்கான எண்ணும் ஆகும். எங்கள் வட்டாரத்தில் இறங்க இடம் தேடுவது எளிதன்று. பாலாற்று மணல் மேலிருந்து பார்க்கச் சமதளமாகத் தோன்றினாலும் மணல் அள்ளிய பள்ளங்கள் நிறைந்தது. வறண்ட ஏரிகளிலோ சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கிறது. அணைக்கட்டு, குடியாத்தம் பக்கங்களில் தென்னந்தோப்பு. நெல் வயல்களில் வரப்பு. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை பயிரிட்ட கொல்லைகளே தாழ்ந்த பயிரோடும் ஓரளவு அகலத்தோடும் நம்பக்கூடிய இடங்கள். அவையும் தொடர்ச்சியாக இருப்பதில்லை. இரண்டு நல்ல கொல்லைகளுக்கு இடையிலுள்ள தூரத்தைத் தாண்டும் திறன் விமானத்துக்கு வேண்டும்.

இனித் தெரிவுகளுக்கு வருகிறேன். ஆம்பூர் நண்பரின் விருப்பம் பெங்களூருவின் ராஜ்ஹம்சா நிறுவனம் தயாரித்த எக்ஸ்-ஏர் வகை. அலுமினியக் குழாய்ச் சட்டம், அதன் மேல் டேக்ரான் துணி, எளிமையான அமைப்பு. பழுதானால் பார்க்கத் தெரிந்தவர்கள் அண்டை மாநிலத்திலேயே இருக்கிறார்கள். வாங்கும் செலவிலும் வைத்துக்கொள்ளும் செலவிலும் இதற்கு இணையில்லை. ஆனால் எங்கள் வெயிலில் துணி விரைவாக நைந்துபோகும். கூரையின்றி நிறுத்தவே கூடாது. அதைவிட முக்கியமானது, இது மிதப்பதற்கு உரியதன்று. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒன்றுக்கு எட்டு என்று சறுக்கும் விமானம் நொடிக்கு 2.8 மீட்டர் இறங்கும். நல்ல தெர்மலே நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர்தான் எழும் என்றால், அதற்குள் வட்டமிட்டாலும் இவ்விமானம் நின்ற உயரத்திலேயே நிற்கும். பறக்கக் கற்றுக்கொள்ள இது நல்ல விமானம் என்பதை மனமாரச் சொல்வேன். எங்கள் நோக்கம் அதைத் தாண்டியது.

இரண்டாவது, ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனத்தின் வைரஸ் எஸ்டபிள்யூ. இந்தப் பெயர் இந்தியாவுக்குப் புதிதன்று: 2015-இல் நம் விமானப்படை, கடற்படை, தேசிய மாணவர் படை ஆகியவற்றுக்காக 194 விமானங்கள் வாங்க ஒப்பந்தமாகி, கருட் என்ற பெயரில் இங்கே வந்தன. இறக்கை நீளம் 10.7 மீட்டர், சறுக்கு விகிதம் ஒன்றுக்கு 17, வேகம் நிறைய. சென்னை, பெங்களூரு, திருச்சி என்று பயணம் போக நினைப்பவருக்கு இதுவே சரி. மிதப்பதற்கோ அரைகுறை. குடியாத்தம் நண்பர் இன்னமும் இதன் பக்கமே சாய்கிறார். வாரக்கடைசியில் பயணம் போவதுதான் அவருடைய ஆசை என்பதால் அவர் கணக்கில் பிழையில்லை.

மூன்றாவது, அதே நிறுவனத்தின் சைனஸ். இதைப்பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். 1990-களின் நடுவில் வந்த இந்த வடிவத்தில் இருவர் பக்கத்தில் பக்கமாக அமர்கிறார்கள். இறக்கை ஏறத்தாழ 15 மீட்டர். சறுக்கு விகிதம் ஒன்றுக்கு 27. மூக்கில் 80 குதிரைத்திறன் கொண்ட ரோடாக்ஸ் 912 என்ஜினை வைத்தால் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் பயணம் போகிறது. என்ஜினை அணைத்ததும் புரொப்பெல்லரின் அலகுகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பி வைத்துவிடலாம். அப்போது அது காற்றைத் தடுப்பதில்லை. 2004-இல் மட்டேவ் லெனார்ச்சிச் என்ற ஸ்லோவேனிய விமானி இந்த வகை விமானத்தில் தனியாக உலகைச் சுற்றிவந்தார் என்பது இதன் பயணத் தகுதிக்குச் சான்று.

எங்கள் ஊர்க் காற்றில் இந்த 27 என்ற எண் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். வேலூரின் ஓடுபாதை உள்ள அப்துல்லாபுரத்துக்கு மேல் 1,000 மீட்டர் உயரத்தில் என்ஜினை அணைத்தால், அமைதியான காற்றில் 27 கிலோமீட்டர். கிழக்கே ஆற்காடு, மேற்கே குடியாத்தம் ஆகிய இரண்டுமே ஏறக்குறைய அந்த எல்லைக்குள் வந்துவிடும். மணிக்கு 95 கிலோமீட்டரில் சறுக்கும்போது 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் அது 21 கிலோமீட்டராகச் சுருங்கும். சுற்றுக்காற்று நொடிக்கு இரண்டு மீட்டர் இறங்கிக்கொண்டிருக்கும் பகுதி வழியாகவே முழுவதும் போக நேர்ந்தால் ஒன்பது கிலோமீட்டர்தான். அதாவது சித்திரை வெயிலில் 27 என்பது 9 ஆகலாம். அதே காற்றில் எக்ஸ்-ஏரின் எட்டு, ஐந்துக்கும் கீழே போய்விடும். விற்பனையாளர் தரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கையே நம்பி இடம் பார்த்து வைப்பது என்று நாங்கள் நால்வரும் ஒப்புக்கொண்ட விதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

சைனஸில் எனக்கு மிகவும் பிடித்தது சறுக்கு விகிதம்கூட இல்லை. இறக்கையின் மேற்பரப்பில் எழும்பி நிற்கும் ஏர் பிரேக்தான். நீண்ட இறக்கை விமானத்தைத் தரைக்கு அருகில் கொண்டுவந்தால் அது இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும். தென்னந்தோப்பைத் தாண்டி உடனே ஒரு சிறு கொல்லையில் இறங்க வேண்டுமானால் உயரத்தைக் கையால் குறைக்க முடிய வேண்டும். தூரம் போகும் திறனும் அந்தத் திறனை வேண்டியபோது அழிக்கும் திறனும் ஒன்றாக இருப்பதுதான் எங்களுடையதைப் போன்ற குறுகலான நிலத்துக்கு ஏற்றது.

குறையும் உண்டு, எடைதான் அது. இந்தியாவில் மைக்ரோலைட் எனப்படும் மிக இலகு விமான வகைக்கு மொத்த எடை வரம்பு 450 கிலோ. சைனஸின் வெற்று எடை ஏறத்தாழ 284 கிலோ. மிச்சம் 166 கிலோ. எங்களில் இருவர் ஏறினால் 150 கிலோவுக்குக் குறைவதில்லை. எஞ்சிய 16 கிலோவுக்கு 22 லிட்டர் பெட்ரோல். மணிக்கு 10 முதல் 15 லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு அது ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். ஆபத்தில் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டை வைத்தால் அதன் எடையும் இதிலிருந்துதான் போகும். ஐரோப்பாவில் அந்தப் பாராசூட்டுக்காகவே வரம்பை 472.5 கிலோவாக உயர்த்தியிருந்தார்கள். ஆகவே இதை வாங்குகிறவர், 600 கிலோ வரை இடம் தரும் லைட் ஸ்போர்ட் வகையில் பதிவுபெறக் கூடிய, கூடுதல் எடைக்குச் சான்று பெற்ற வடிவத்தையே கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் முன்பணம் கொடுப்பது கூடாது. பாராசூட்டை விட்டுவிட்டு எடையைச் சமாளிக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை.

நான்காவது தெரிவு, எங்களில், என்ஜின் இல்லாமல் மிதக்கும் கிளைடர்களைப் பற்றி அதிகம் படித்தவரான வேலூர் நண்பருடையது: பிபிஸ்ட்ரெல் டாரஸ். இதிலும் இருவர் அருகருகே அமரலாம். இறக்கை அதே 15 மீட்டர். ஆனால் சறுக்கு விகிதம் ஒன்றுக்கு 40 அளவில். காரணம், என்ஜின் மூக்கில் இல்லை. இருக்கைக்குப் பின்னால் உடலுக்குள் மடங்கியிருந்து, தேவையானபோது வெளியே எழுகிறது. வேலை முடிந்ததும் மறுபடி உள்ளே போகிறது. உண்மையான கிளைடரின் அழகு இதில்தான் முழுமையாக இருக்கிறது. 2007-இல் மின்மோட்டாரோடு பறந்த இதன் டாரஸ் எலெக்ட்ரோ வடிவம் துறையிலேயே புதுமை. மனத்தளவில் நானும் இதையே விரும்பினேன் என்பதை மறைக்கவில்லை.

என்னை மாற்றிய காரணங்கள் இரண்டு. ஒன்று, மடங்கும் என்ஜினை நடுவானில் மறுபடி கிளப்பும் நேரம். என்ஜின் வெளியே எழுந்து நின்று, ஆனால் கிளம்பாமல் போனால் அதுவே காற்றைத் தடுத்து, நாற்பது என்ற எண்ணை வெகுவாகக் குறைத்துவிடும். அதனால் இறங்கும் கொல்லையை முதலில் உறுதி செய்துகொண்டு, போதுமான உயரம் இருக்கும்போதே என்ஜினை எழுப்ப வேண்டும் என்பது இவ்வகை விமானிகளின் பழக்கம். நல்ல கொல்லைகள் அரிதாக உள்ள ஊரில் இந்தப் பழக்கம் மிதக்கும் நேரத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். சைனஸின் என்ஜின் கிளம்பாவிட்டால் சறுக்கு விகிதம் மாறாது. மீண்டும் முயன்று பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் வெயில். அப்துல்லாபுரம் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் 40 டிகிரி வெயிலில் காற்று இளகி மெலிந்துவிடுவதால், இறக்கையும் என்ஜினும் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவே உணரும். ஓடுபாதையே ஏலகிரி மலைக்கு ஏறிவிட்டதைப் போல என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். என்ஜின் திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சைனஸின் 80 குதிரைத்திறன் 71 அளவில் நிற்கும். டாரஸின் ரோடாக்ஸ் 503 தரும் 50 குதிரைத்திறன் 44 அளவுக்கு வரும். இருவர் ஏறிய நிலையில் சைனஸில் ஒவ்வொரு குதிரைத்திறனும் ஆறரைக் கிலோவைத் தூக்குகிறது என்றால், டாரஸில் பத்துக் கிலோவுக்கு மேல். நீண்ட ஓடுபாதையும் தடையற்ற எதிர்ப்புறமும் இருந்தால் பரவாயில்லை. எங்களுக்கு நாற்புறமும் குன்று. மேலும் ரோடாக்ஸ் 503 உற்பத்தி நின்றுபோன டூ ஸ்ட்ரோக் என்ஜின். மின்வடிவத்தில் இந்தக் கவலை இல்லை என்றாலும், மிதக்கக் காற்று கிடைக்காத நாளில் பயணம் போகும் ஆற்றல் அதற்குக் குறைவு.

பழைய மோட்டார் கிளைடர்களில் ஜெர்மனியின் குரோப் 109பி, ஆஸ்திரியாவின் டிமோனா ஆகியவற்றையும் பார்த்தோம். குரோப் 109பி-க்கு 17.4 மீட்டர் இறக்கை. சறுக்கு விகிதம் 28. உறுதியான விமானங்கள். ஆனால் இரண்டுமே 600 கிலோ வரம்பைத் தாண்டியவை. இலகு வகையின் சலுகைகள் எதுவும் கிடைக்காது. இந்தப் பேச்சு ஒரே மாலையில் முடிந்தது.

பெட்ரோலைப் பற்றி யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை என்பதால் அதை அழுத்திச் சொல்கிறேன். ரோடாக்ஸ் 912 காருக்குப் போடும் ஈயமற்ற பெட்ரோலில் ஓடும் என்பது அதன் பெரிய சிறப்பாகச் சொல்லப்படுகிறது. ஆனால் தயாரிப்பாளர் அனுமதிப்பது 10 விழுக்காடு எத்தனால் வரை. நம் நாட்டுப் பெட்ரோல் பங்குகளில் 2025 முதல் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. ஆகவே காட்பாடி சாலையில் கேனைப் பிடித்துப் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றலாம் என்ற கனவு செல்லாது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விமானம் வாரக்கணக்கில் நின்றால், உறிஞ்சிய நீர் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். மாற்று வழி விமானப் பெட்ரோலான அவ்கேஸ் 100எல்எல். இந்தியன் ஆயில் 2022 முதல் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரிக்கிறது. அதில் ஈயம் இருப்பதால் என்ஜின் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும், படிவுகளைப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். டிரம்மில் வரவழைத்துப் பாதுகாப்பாக வைக்கும் செலவு, பறக்கும் ஒவ்வொரு மணியின் மீதும் ஏறும். இங்கேதான் மிதக்கும் விமானத்தின் பொருளாதாரம் தெரிகிறது: 600 மீட்டர் ஏறுவதற்கு மட்டும் என்ஜினை ஓட்டிவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் காற்றில் நிற்க முடிந்தால், அரிதான அந்தப் பெட்ரோல் மூன்று மடங்கு நாள் வரும்.

வான்வெளியைப் பொறுத்தவரை, கிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில் அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி விமானத்தளம் இயங்குகிறது. ஒவ்வொரு பறப்புக்கும் வான்பாதுகாப்பு அனுமதி எண் பெற வேண்டிய நம் நாட்டில், எந்தத் தெர்மல் எங்கே இழுத்துச் செல்லும் என்று தெரியாத மிதப்பவருக்குக் குறிப்பிட்ட திசையும் எல்லையும் முன்பே வேண்டும். ஆகவே எங்கள் வானம் மேற்கும் தெற்கும்: குடியாத்தம், ஆம்பூர், ஜவ்வாது மலையின் ஓரம். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மலைச்சரிவில் மோதி எழும் காற்றும் அங்கே கிடைக்கும். ஏலகிரியில் பாராகிளைடரில் பறந்தவர்கள் அதை அறிவார்கள்.

ஒன்றும் வாங்காமல், புனே ஹடப்சரிலுள்ள அரசு கிளைடர் மையம் போன்ற இடங்களுக்குப் போய்க் கற்றுவரலாமே என்ற கேள்வியும் எழுந்தது. கற்றுக்கொள்வதற்கு அது மாற்றே இல்லாத வழி. விஞ்சு இயந்திரம் கயிற்றால் இழுத்து மேலே ஏற்றிவிட, என்ஜினே இல்லாமல் சில நிமிடங்களில் இறங்கும் பயிற்சி, உயரத்தைக் கண்ணால் அளக்கும் பழக்கத்தைத் தருவதுபோல வேறெதுவும் தராது. வாங்குவதற்கு முன் நால்வரும் அப்படி என்ஜினில்லாக் கிளைடரில் பயிற்சி பெற்றுவருவது என்பதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறோம். ஆனால் ஆண்டுக்கு இரண்டு வாரம் வெளியூரில் பறந்துவிட்டு வருகிறவருக்குத் தம் ஊர்க் காற்று தெரியாது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில் என் வாக்கு சைனஸ் வகைக்கே: கூடுதல் எடைச் சான்றோடும், பாராசூட்டோடும், மூக்கில் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினோடும். டாரஸைவிட மோசமாக மிதக்கும், வைரஸைவிட மெதுவாகப் போகும். ஆயினும் பிற்பகல் மூன்று மணிக்கு ஜவ்வாது மலைப்பக்கம் இடிமேகம் கருத்துக்கொண்டு வரும்போது, பொத்தானை அழுத்தி ஊர் திரும்பவும், அது கிளம்பாவிட்டால் மல்லாட்டைக் கொல்லையைத் தேட நேரம் இருக்கவும் ஒரே விமானத்தில் இடமுண்டு. ஆம்பூர் நண்பர் ஒப்புக்கொண்டுவிட்டார். வேலூர் நண்பர், டாரஸைவிட இதில் அதிக நாள் பறக்க முடியும் என்ற கணக்கைப் பார்த்துவிட்டு யோசிக்கிறார். குடியாத்தம் நண்பரிடம் இன்னும் பேச வேண்டும்.

விமானத்தை வைப்பதற்காகப் பார்த்து வைத்திருக்கும் கொட்டகையைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை டேப் பிடித்து அளந்தோம். உள்ளே 18 மீட்டர் அகலம் இருக்கிறது, வாசல் 13.6 மீட்டர். கலவைப் பொருளால் செய்த இறக்கையை வெயிலில் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் மூன்று பேர் சேர்ந்து இறக்கையைக் கழற்ற வேண்டும், அல்லது வலப்பக்கத் தூணை இரண்டு மீட்டர் தள்ளி நட வேண்டும். தூணைத் தள்ளுவதற்குக் கொத்தனாரிடம் விலை கேட்டிருக்கிறோம்.